மறுமையில் யாருக்கு நாற்காலி?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பதவியில் இருந்த காலத்திலேயே பெரும்பாலான மக்கள் வெறுத்த ஒரு தலைவர் அண்மையில் இறந்தார். பெயர் வேண்டாம். அன்றிரவு நண்பர்கள் கூடி, அவருக்கு எந்த நரகம் தகும் என்று பேச ஆரம்பித்தோம். எண்ணெய்க் கொப்பரையில் தொடங்கி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன். அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். அவருடைய ஒரு உத்தரவால் வேலையை இழந்தவன் என் அண்ணன். அவனும் அங்கே இருந்தான், ஆனால் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்தவரைப் பற்றி இப்படியெல்லாம் கற்பனை செய்வது தவறா? அவருக்கு எப்படிப்பட்ட மறுமை தகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் இரண்டு நாளாக என் மேசைமேல் இருக்கிறது. உடனே எழுதியிருந்தால் ‘இறந்தவரைப் பழிக்கக் கூடாது’ என்று எழுதியிருப்பேன், இல்லையென்றால் ‘பழித்தால் என்ன’ என்று எழுதியிருப்பேன். இரண்டாலும் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

அந்தக் கோபத்துக்காக வெட்கப்படாதீர்கள். உகாண்டாவை 1971 முதல் 1979 வரை ஆண்ட இடி அமீன், அத்தனை கொலைகளுக்குப் பிறகும் வேற்று நாட்டில் அடைக்கலம் பெற்று வாழ்ந்து, 2003இல் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. இப்படி ஒரு சாவைக் கேள்விப்பட்டால் ‘அவ்வளவுதானா?’ என்று மனம் கேட்காமல் இருக்காது. அந்தக் கேள்வியிலிருந்துதான் மனிதர்கள் இத்தனை நரகங்களைக் கட்டினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் வெறுக்கப்பட்டவர் எல்லோரும் குற்றவாளி இல்லை. சோவியத் ஒன்றியத்தின் கடைசி அதிபர் கோர்பச்சேவ் 1996இல் ரஷ்ய அதிபர் தேர்தலில் நின்றபோது நூற்றுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தன் மக்களிடம் அவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்த அதே மனிதரைத்தான் பனிப்போரை முடித்தவர் என்று உலகம் கொண்டாடியது. ஓட்டைப் பார்த்து நரகத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. உங்கள் தலைவர் விஷயம் வேறு. அவர் கையெழுத்து போட்டார், உங்கள் அண்ணனின் வேலை போனது. அதனால் மேலே பேசலாம்.

ரோமப் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 54இல் இறந்ததும், அவருடைய மறுமையைக் கற்பனை செய்து ஒரு கேலி நூல் வந்தது. தத்துவ அறிஞர் செனெகா எழுதியது என்பதுதான் பொதுவான கருத்து. இதே கிளாடியஸ்தான் செனெகாவைக் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தியவர். எட்டு ஆண்டு அங்கே கிடந்த மனிதரின் கோபம் அது. அதில் ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கிளாடியஸ் பாதாள உலகுக்குள் நுழைகிறார். எதிரே ஒரு கூட்டம் வருகிறது, எல்லாம் தெரிந்த முகங்கள். ‘எங்கு பார்த்தாலும் என் நண்பர்களாக இருக்கிறதே, நீங்கள் எல்லோரும் எப்படி இங்கே வந்தீர்கள்?’ என்று கேட்கிறார். ‘எங்களை இங்கே அனுப்பியதே நீதானே’ என்கிறார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். யாரையெல்லாம் கொல்லச் சொன்னோம் என்பதே அவர் நினைவில் இல்லை.

பிறகு குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. கொல்லப்பட்ட செனட்டர்கள் 35 பேர். குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த பெருந்தனக்காரர்கள் 221 பேர். மற்றவர்கள்? மணலும் தூசியும் எத்தனையோ அத்தனை பேர். தண்டனையாக ஓட்டைக் குவளையில் பகடைக்காய் போட்டு ஓயாமல் உருட்டச் சொல்கிறார்கள். உருட்ட எடுக்கும்போதெல்லாம் காய்கள் அடிவழியாக நழுவிவிடும்.

எனக்கு அந்தப் பகடையைவிட மணல்தான் உறுத்துகிறது. கொடுங்கோலனைத் தண்டிக்க உட்கார்ந்தவரும் பெரிய மனிதர்களை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மற்றவர்களைக் கையால் அள்ளி ஒரு ஓரமாகப் போட்டுவிட்டார்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றால், நானும் அதையேதான் செய்தேன். இருபத்திரண்டு வயதில் ஒரு தலைவருக்கு நரகம் எழுதினேன், நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கம். என் நண்பனின் அப்பா ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையை இழந்திருந்தார். அந்தத் தலைவருக்கு மனுமேல் மனுவாக எழுதியவர். கார்பன் வைத்து எடுத்த நகல்களையெல்லாம் ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டும்போது ஓரம் மடங்காமல் இரண்டு கையாலும் பிடிப்பார். எழுத்து வெளிறிய நீலத்தில் மங்கிப்போயிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் முழுக் கையெழுத்து, தேதி, தபாலில் பதிவு செய்த ரசீது குண்டூசியில் குத்தியிருக்கும். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவரைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆத்திரமே வந்தது.

பல வருடம் கழித்து அந்த ஆறு பக்கத்தை எடுத்துப் படித்தேன். தலைவரின் கைக்கடிகாரம் இருந்தது, செருப்புச் சத்தம் இருந்தது, கொப்பரையில் அவர் தோல் எப்படிச் சுருங்கும் என்பது ஒரு பக்கம் இருந்தது. நண்பனின் அப்பா ஒரே வரியில் வந்து போனார். துணிப்பை எங்கேயும் இல்லை. அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். அன்று நான் உட்கார்ந்து அழுதேன்.

பாகவதம் சொல்லும் ரௌரவ நரகத்தைப் பாருங்கள். ஒருவனால் துன்பப்பட்ட உயிர்கள் அங்கே ‘ருரு’ என்ற கொடிய பிராணிகளாகி அவனைத் துன்புறுத்துகின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துன்பப்பட்டவர்களை மிருகமாக்கி, அவனைக் கடிப்பதையே அவர்களுக்கு வேலையாகக் கொடுப்பது என்ன நியாயம்? உயிரோடு இருந்தவரை அவனால் வதைபட்டவர்கள் செத்த பிறகும் அவனோடேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா? உங்கள் அண்ணனை அப்படி நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மகாபாரதத்தின் கடைசியில் தருமன் சொர்க்கத்துக்குப் போகிறான். அங்கே துரியோதனன் சூரியனைப் போல ஜொலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தருமனுக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது. அவனைப் பார்க்கக்கூட விருப்பமில்லை என்கிறான். ஆனால் அவனை இறக்குங்கள், கொப்பரையில் போடுங்கள் என்று அங்கே நின்று மல்லுக்கட்டவில்லை. என் தம்பிகள் எங்கே, கர்ணன் எங்கே என்று கேட்கிறான். தேவதூதன் இருட்டும் துர்நாற்றமுமான ஒரு வழியில் அழைத்துப் போகிறான். தாங்க முடியாமல் தருமன் திரும்பும்போது குரல்கள் கெஞ்சுகின்றன: கொஞ்சம் நில்லுங்கள், நீங்கள் வந்ததும் நல்ல காற்று வீசுகிறது, எங்கள் வலி குறைகிறது. யார் நீங்கள் என்று கேட்டால், கர்ணன், பீமன், அர்ச்சுனன், திரௌபதி என்று ஒவ்வொரு பெயராக வருகிறது. நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்று தூதனை அனுப்பிவிடுகிறான். துரியோதனன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

சரி, எந்த மறுமை தகும் என்று கேட்டீர்கள். ஒரு அறை. ஒரு மேசை, இந்தப் பக்கம் அவர், எதிரில் ஒரு நாற்காலி. மனுவைப் படித்து இரண்டு வரியில் சுருக்கிச் சொல்ல உதவியாளர் கிடையாது. பாதியில் எழுந்துபோக ஒரு அவசரக் கூட்டம் கிடையாது. வருகிறவர் உட்கார்ந்து தன் பெயரில் ஆரம்பித்து முழுவதும் சொல்வார். அவராக ‘போதும், கேட்டுவிட்டீர்கள்’ என்று எழுந்தால்தான் அடுத்தவர். ‘மற்றவர்கள்’ என்று ஒரு வகையே அங்கே இருக்காது. மணலை ஒவ்வொரு மணியாக எண்ண வேண்டும். அவர் முகத்தையே இனிப் பார்க்க வேண்டாம் என்பவர்கள் வரவேண்டியதில்லை, தங்கள் வழியில் நிம்மதியாகப் போகலாம். ஆனால் அவர்களுக்குரிய நேரம் முழுவதும் அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு முடிவும் வேண்டும் என்று நினைக்கிறேன். கடைசி ஆள் எழுந்த பிறகு கதவு திறக்கட்டும். முடிவே இல்லாத வதையை யாருக்கும் விதிக்க என்னால் முடியாது, அவருக்கும்தான்.

அப்படி ஒரு அறை இங்கேயே, உயிரோடு இருக்கும்போதே, சில சமயம் அமைந்திருக்கிறது. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர்மீது தி ஹேக் நகரில் வழக்கு நடந்தது. பக்கத்து நாடான சியரா லியோனில் அவர் ஆதரித்த கிளர்ச்சிக்காரர்களால் கை வெட்டப்பட்டவர்கள் அவர் இருந்த அதே அறையில் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார்ந்து அவர் கேட்டார். 2012இல் 50 ஆண்டு சிறை. அந்த 50ஐவிட, அந்த அறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லோரும் சிரித்த இடத்தில் அண்ணன் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை போன அன்று வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார், யாரிடம் முதலில் சொன்னார், அடுத்த நாள் காலை எழுந்து என்ன செய்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே கேளுங்கள், நண்பர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. அவர் சம்மதித்தால் எனக்கும் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

அன்புடன்.