வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலை: கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்குப் பதில்

பாலக்காடு மாவட்டத்து கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதிய அம்மா, வணக்கம். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ ஹியூமானிட்டீஸ் முடித்த மகள் ஜேபிஎச்என் (ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ்) ஆக வேண்டும் என்கிறாள், 'வீடு வீடாக ஏறி இறங்குற பொழப்பா' என்று அவள் அப்பா முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

சயின்ஸ் எடுக்காததற்குக் கவலை வேண்டாம். இரண்டு வருஷ ஏஎன்எம் (துணை நர்ஸ், மிட்வைஃப்) படிப்புக்கு எந்த குரூப்பும் போதும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கேரளத்தில் ஜேபிஎச்என் கோர்ஸ் என்பது இதுதான். பாலக்காட்டிலேயே அரசுப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

அப்பாவுக்கு நான் சொல்வது வேறு. சமவெளியில் ஒரு சப் சென்டருக்கு, அதாவது துணை சுகாதார நிலையத்துக்கு, சுமார் 5000 பேர். அதில் கர்ப்பிணி யார், எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்பதெல்லாம் அந்த நர்ஸின் பொறுப்பு. பிரசவமாகி வந்த வீட்டில் பாட்டி சேனை வைக்க, அதாவது குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க, கிண்ணத்தோடு நிற்பார். 'கூடாது' என்று முகத்திலடித்தாற்போல் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. அனுபவமுள்ள சிஸ்டர் முதலில் குழந்தையை எடை போட்டு, முள் நிற்கும் இடத்தைப் பாட்டிக்கே காட்டுவார்; தாய்ப்பால் பேச்சை அப்புறம்தான் எடுப்பார். இதை வகுப்பில் உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் பள்ளியில் சேர்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஃபீல்டு பயிற்சி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எத்தனை வாரம் என்று கேளுங்கள்.

வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்கள் பக்கம் வீட்டுக்குள் பேச அவள் தமிழ் பெரிய பலம். ஆனால் ஆபீஸில் மலையாளம் எழுதியாக வேண்டும். இன்றே தொடங்கட்டும்.

'கோயம்புத்தூர்ல சீட் ரெடி' என்று யாராவது வந்தால், இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, கேரள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். பிரிட்டனில் இதேபோல் வீட்டுக்குப் போய்த் தாய், குழந்தையைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் ஆவதற்கு, முழுத் தகுதி பெற்ற நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ பதிவு செய்துவிட்டு, மேலே சுமார் ஒரு வருஷம் தனியாகப் படிக்க வேண்டும். ஏஎன்எம் மட்டும் அதற்குப் போதாது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு சயின்ஸ் கேட்பார்கள்; எனவே இவளுக்கு உள்ள வழி மூன்று வருஷ ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங், மிட்வைஃபரி) டிப்ளமோ. உள்ளூரே போதும் என்றால் ஜேபிஎச்என்தான் சரி. அதில் பதவி உயர்வும் உண்டு.

முடிவெடுப்பதற்கு முன், தடுப்பூசி போடும் நாளில் அப்பாவையும் மகளையும் உங்கள் சப் சென்டருக்கு அனுப்புங்கள். அங்கிருக்கும் சிஸ்டரிடம் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.