கோடை ஈத்தொல்லை: மருந்தடிக்கும் முன் வட்டப்பாத்தியைக் கிளறிப் பாருங்கள்

கேள்வி: இராசிபுரம் அருகே தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி இருபது தென்னை மரங்களும், ஒரு கறவை மாடும் கன்றும் உள்ளன. அரைக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. மார்ச் நடுவிலிருந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார முடியாத அளவுக்கு ஈ. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் வீட்டில் ஒன்றரை மாதக் குழந்தை வேறு இருக்கிறது. ஊராட்சியில் மனுக் கொடுத்தோம். பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். 3,500 ரூபாய் கொடுத்து மருந்தடித்தோம். எட்டாம் நாள் ஈ திரும்ப வந்துவிட்டது. மாதம் ஒருமுறை அடிக்க ஆண்டு ஒப்பந்தம் போடலாம் என்கிறார் மருந்தடித்தவர். போடலாமா? சமையல் கழிவு போடும் மக்குத் தொட்டியில் பெரிய பெரிய புழுக்கள் நெளிகின்றன, மண்ணெண்ணெய் ஊற்றலாமா? மார்ச் முதல் வாரத்தில் தென்னைக்கு ஒரு டிராக்டர் கோழி எரு போட்டதைத் தவிர வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை.

பதில்: ஒப்பந்தம் போட வேண்டாம். மண்ணெண்ணெயும் ஊற்ற வேண்டாம். ‘வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை’ என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தொல்லைக்கான விடை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது முட்டை வரை இடும். தன் ஆயுளில் இப்படிப் பல தடவை இடும். கோடை வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்து, புழு நான்கைந்து நாளில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏழு முதல் பத்து நாளுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். மருந்தடித்த எட்டாம் நாள் ஈ ஏன் திரும்பியது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அவர் அடித்தது சுவரிலும் இறவாணத்திலும் உட்கார்ந்திருந்த ஈயை மட்டும்தான். எருவுக்குள் இருந்த புழுவின் மேல் ஒரு சொட்டு மருந்தும் பட்டிருக்காது. மாதம் ஒருமுறை அடித்தால், இரண்டு மருந்தடிப்புக்கு இடையில் மூன்று தலைமுறை ஈ பிறந்துவிடும். அந்த ஒப்பந்தத்தில் நிச்சயமான வரவு அவருக்கு மட்டுமே உண்டு.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். காலை வெயில் ஏறும் முன் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தென்னையின் வட்டப்பாத்திக்குப் போய், எருக்கட்டி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மேலே காய்ந்து வெளுத்திருக்கும். அடியில் ஈரமாக, மூக்கைக் குத்தும் நெடியுடன் இருந்தால், அங்கே சோற்றுப்பருக்கை போன்ற வெள்ளைப் புழுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். பிறகு பாத்தியின் வரப்போரம் உள்ள பொலபொலப்பான மண்ணை இரண்டு விரற்கடை ஆழம் கிளறுங்கள். செம்பழுப்பு நிறத்தில், நெல்மணி அளவில் அசையாமல் கிடப்பவை கூட்டுப்புழுக்கள். புழு தின்பதற்கு ஈரத்தைத் தேடும், கூடு கட்டுவதற்குக் காய்ந்த ஓரத்தைத் தேடும். ஆகவே எருவின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நாமக்கல் வட்டாரத்தில் கோழி எரு விற்கப்படும் முறை எனக்குத் தெரியும் என்பதுதான். கூண்டுக் கொட்டகைகளுக்கு அடியிலிருந்து வாரிய பச்சை எருவை மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் தென்னைக்கும் வாங்கிக் கொடுக்கும் தரகர்கள், ‘மக்கினதுங்க, ஆறு மாசமாக் கெடந்தது’ என்று கூசாமல் சொல்வார்கள். மக்கிய எருவுக்கு மண்வாசனை இருக்கும். கையில் எடுத்தால் உதிரும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியாது. நெடி கண்ணைக் கரிக்கிறதா, பிடித்தால் விரலில் அப்புகிறதா, அது பச்சை எருதான். அதை வாங்கும்போதே முட்டையையும் புழுவையும் சேர்த்து எடைபோட்டு வாங்குகிறீர்கள். அதன்மேல் நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பாய்ச்சினால், ஈக்கு வேண்டிய ஈரத்தை நீங்களே தவறாமல் கொடுத்ததாகிவிடும். வருடந்தோறும் மார்ச், ஏப்ரலில் இதே கதையோடு பலர் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் பண்ணையைக் கைகாட்டுகிறார்கள். பாதிப் பேர் தங்கள் தோட்டத்துப் பாத்தியைக் குனிந்து பார்த்ததே இல்லை.

புழு இருந்தால், எருவை அன்றே பாத்தியிலிருந்து வழித்தெடுங்கள். வரப்போர மண்ணையும் ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்து வழிக்க வேண்டும். வீட்டிலிருந்து தள்ளி, தரையை நன்றாகத் திம்சு போட்டு இறுக்கி, காய்ந்த தென்னை மட்டைத் தூளோ சருகோ கலந்து ஒரே குவியலாக்கி, கறுப்புப் பாலித்தீன் தாளால் இழுத்து மூடி, ஓரங்களில் மண்ணை ஏற்றிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். உள்ளே சூடு 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். புழு அதில் பிழைக்காது. வெளிப்பக்கம் அவ்வளவு சூடாகாது என்பதால் வாரம் ஒருமுறை வெளிப்பகுதி உள்ளே போகும்படி புரட்டி மறுபடி மூட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அது உண்மையிலேயே மக்கிய எருவாகும், பணமும் வீணாகாது. இதற்கு ஆள் கிடைக்காவிட்டால், வெயில் படும் களத்தில் இரண்டு அங்குல கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் காயவிடுங்கள். ஏப்ரல் வெயிலுக்கு மூன்று நாளில் சருகாகிவிடும். நாட்டுக்கோழி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சாணத்துக்கும் இதே விதிதான். நாள்தோறும் வாரி, வறட்டி தட்டிவிடுங்கள், அல்லது மூடிய குவியலில் சேருங்கள். ஆனால் சாணத்தை ஒழுங்காக வாருகிற வீடுகளிலும் ஓரிடம் தப்பிவிடுகிறது. சென்ற கோடையில் ஒரு வீட்டில் கட்டுத்தரை கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஈ மட்டும் குறையவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தாழியைச் சற்று நகர்த்திப் பார்த்தோம். சிந்திய தவிடும் புண்ணாக்கும் கழுநீரும் ஊறிப் புளித்து, தாழியின் வட்டத்துக்கு ஒரு கறுப்புச் சேறு நின்றது. குச்சியால் கீறியதும் அந்தச் சேறே அசைந்தது, அத்தனை புழு. தாழியை வாரம் ஒருமுறை இடம் மாற்றி, பழைய இடத்தைச் சுரண்டிக் காயவிடச் சொன்னேன். அதோடு அந்த வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. துவைக்கும் கல்லின் அடியும், மீன் கழுவிய நீர் தேங்கும் இடமும், மாமரத்தடியில் அழுகி விழுந்த பழமும் இதே கணக்கில் வரும்.

மக்குத் தொட்டிப் புழுவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. நீங்கள் ‘பெரிய பெரிய புழுக்கள்’ என்று எழுதியிருப்பதால் அவை வீட்டு ஈயின் புழுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு புழுவைக் குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழவழப்பாக, ஒருமுனை கூர்மையாக, முக்கால் அங்குலத்தை எட்டாமல் இருக்கும். அதைவிட நீளமாக, தட்டையாக, மங்கிய பழுப்பு நிறத்தில், தோல் கெட்டியாகவும் வளையம் வளையமாகவும் இருந்தால், அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை எனப்படும் வேறொரு ஈயின் புழு. வளர்ந்த ஈ கறுப்பாக, குளவியைப் போல் இருக்கும். கொட்டாது, கடிக்காது, சோற்றில் வந்து உட்காராது. அதன் புழுக்களோ கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பதோடு, அவை நிறைந்த தொட்டியில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறைந்துவிடும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக இதைக் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். நீங்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்லப் பார்க்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டி சொதசொதவென்று ஆகாமல் சருகு மட்டும் சேர்த்து வாருங்கள்.

அடித்துவிட்டுப் போன மருந்து என்னவென்று கேட்டீர்களா? தண்ணீர்ப் புட்டியில் கலந்து கொண்டுவந்தவராக இருந்தால், குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அவரை இனி அனுமதிக்காதீர்கள். கொட்டகைகளில் ஈக்கென்று காலங்காலமாகப் புழங்கிய டைக்குளோர்வாஸ் என்ற கடும் நஞ்சு, 2018இல் வெளியான மத்திய அரசின் உத்தரவுப்படி 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பெயரைச் சொல்லி அதைத் தேடுபவர்களும், பெயரே இல்லாத புட்டியில் எதையோ ஊற்றிக் கொடுப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். கூலிக்கு மருந்தடிப்பவருக்கு உரிமம் வேண்டும். மருந்துப் புட்டியில் பதிவு எண்ணும், காலாவதித் தேதியும், நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணமும், முறிமருந்துக் குறிப்பும் இருக்க வேண்டும். இவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிளீச்சிங் பவுடர் தூவியதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாணத்திலும் எருவிலும் பட்ட குளோரின் சற்று நேரத்தில் வலுவிழந்துவிடும். உள்ளே இருக்கும் புழுவை அது தொடாது. இது தெரிந்தும், மனு வந்தால் சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டு, படம் எடுத்து, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பை மூடுவது ஆண்டாண்டாக நடக்கிறது. மாலையில் புகை மருந்து அடிப்பதும் கொசுவுக்கான ஏற்பாடு. ஈக்கு அது பயன்படாது. குவியலைக் கிளறிப் பார்க்க ஒரு மண்வெட்டியும் பத்து நிமிடமும் போதும். அதைச் செய்ய எந்தத் துறையும் ஆள் அனுப்புவதில்லை.

குழந்தையைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், மின்விசிறி ஓடட்டும். காற்றில் ஈ உட்காராது. அறைக்குள் எந்தத் தெளிப்பானும் வேண்டாம். வெல்லக் கரைசல் ஊற்றிய புட்டிப் பொறி வைப்பதானால் வாசலிலிருந்து முப்பது அடியாவது தள்ளிக் கட்டுங்கள். வாசலில் கட்டினால் வெளியில் திரியும் ஈயை நீங்களே வீட்டுக்கு அழைத்ததாகும். வாசலில் தண்ணீர்ப் பை தொங்கவிட்டால் ஈ வராது என்பதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எருவை அகற்றிய மறுநாளே ஈ குறையாது. மண்ணில் தங்கிவிட்ட கூட்டுப்புழுக்கள் நாலைந்து நாள் வெளிவந்துகொண்டிருக்கும். பறக்கும் ஈக்கு இரண்டு மூன்று வார ஆயுள் உண்டு. ஆகவே மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பண்ணையைப் பார்த்த பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும், மழை படாத இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக அஞ்சல் அட்டை அளவில் வெள்ளை அட்டை கட்டிவிட்டு, வாரம் ஒருமுறை அதில் ஈ உட்கார்ந்து விட்டுச்சென்ற எச்சத்தின் கரும்புள்ளிகளை எண்ணித் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் பண்ணைப் பக்கத்து அட்டையில் மட்டும் புள்ளி குறையாவிட்டால், அப்போது பண்ணை உரிமையாளரிடம் போங்கள். ஈ கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடியதுதான். அவரிடம் பொதுவாகக் குறை சொல்லாமல் இரண்டைக் கேளுங்கள்: கூண்டுக்கு மேல் ஓடும் குடிநீர்க் குழாயில் ஒழுகல் இருக்கிறதா, எருவை வாரும்போது அடியில் நாலு அங்குலம் காய்ந்த எருவை விட்டு வாருகிறார்களா என்று. ஈயின் முட்டையையும் புழுவையும் தின்னும் வண்டுகளும் சிலந்திப்பேன்களும் அந்தக் காய்ந்த அடுக்கில்தான் வாழ்கின்றன. கோடையில் மொத்தமாக வழித்துவிட்டால் முதலில் திரும்பி வருவது ஈதான். அதற்கும் அவர் அசையாவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரையும் மனுவில் குறிப்பிட்டு, தேதி எழுதிய அந்த அட்டைகளை இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.