தாய்ப்பால் 'திரிந்து' போகுமா? காப்பக ஆயாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை

கேள்வி: கோவையில் ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு நான் பொறுப்பாளர். 5 ஆயாக்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள். கைக்குழந்தைகளில் சிலருக்கு அம்மாக்களே பாலைப் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு பாட்டிலில் மேலே கெட்டியாகப் படலம், கீழே தண்ணீர் மாதிரி பிரிந்திருந்தது. 'பால் திரிஞ்சு போச்சுங்க' என்று ஆயா சிங்க்கில் கொட்டிவிட்டார். மதியம் வந்த அம்மா அழுதுவிட்டார். ஆயாவை நிறுத்திவிடச் சொல்கிறது நிர்வாகம். எனக்கு மனசு இல்லை. பயிற்சி கொடுக்கலாம் என்றால், எதைச் சொல்லித்தருவது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நிறுத்த வேண்டாம். பசும்பாலை அப்படிப் பார்த்திருந்தால் நானும் கொட்டியிருப்பேன். உங்கள் ஆயாக்களுக்குக் குழந்தை வளர்ப்பு தெரியும். ஆனால் பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் காலத்தில் அம்மா வீட்டில் இருந்தால் தாய்ப்பால், வேலைக்குப் போனால் பசும்பால் அல்லது டின் பால். அதனால் பாலின் நிறம், அளவு, குழந்தையின் மலம், பசி நேரம் என்று எல்லாவற்றையும் டின் பாலின் அளவுகோலில்தான் பார்க்கிறார்கள். உங்கள் பயிற்சி அந்த அளவுகோலை மாற்றினால் போதும்.

கொட்டிய பாலிலிருந்தே தொடங்குங்கள். பல பாக்கெட் பாலில் கொழுப்பை உடைத்துக் கலந்துவிடுகிறார்கள். தாய்ப்பாலில் யாரும் அதைச் செய்வதில்லை. ஆகவே ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே திரளும், அடியில் இருப்பது நீலம் பாய்ந்த தண்ணீர் போலத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். ஒரு அம்மாவின் சம்மதத்தோடு, ஆயாக்கள் எல்லோரும் பார்க்க, இதை ஒருமுறை செய்துகாட்டுங்கள். ஸ்லைடு போட்டு அரை நாள் பேசுவதைவிட இந்த இரண்டு நிமிடம் மனதில் நிற்கும். சிலருடைய பால் ஃப்ரிட்ஜில் இருந்தபின் சோப்பு வாடை அடிக்கும். பாலிலேயே உள்ள ஒரு நொதி கொழுப்பைச் சிதைப்பதால் வரும் வாடை அது, குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மஞ்சளாகவோ லேசான பச்சையாகவோ இருப்பதும் அம்மா சாப்பிட்டதைப் பொறுத்தது. சுழற்றியும் கலக்காமல் கட்டி கட்டியாக நின்று, புளித்த நாற்றம் அடித்தால் மட்டுமே சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் அம்மாவுக்கு போன். அம்மாவிடம் கேட்காமல் ஒரு சொட்டும் சிங்க்குக்குப் போகக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். உணவு இடைவேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பீய்ச்சி எடுத்த 80 மில்லி அது.

அடுத்தது அளவு. காப்பகங்களில் அதிகச் சேதம் நடப்பது இங்கேதான். டின் பால் குடிக்கும் குழந்தைக்கு மாதம் ஏற ஏற அளவைக் கூட்டிப் பழகியவர்களுக்கு, 5 மாதக் குழந்தைக்கு அம்மா 90 மில்லி வைத்துவிட்டுப் போனால் கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதம் முடிந்ததிலிருந்து ஆறாவது மாதம் வரை ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கிறது: நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி. அதாவது அம்மா இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி. 9 மணி நேரம் பிரிந்திருந்தால் 270 மில்லி, அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 70 முதல் 90. குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் கூடும், குறையும். இந்தக் கணக்கை ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். 'பத்தலை' என்று தோன்றும்போதெல்லாம் ஆயாவின் கண் அங்கே போகட்டும்.

கொடுக்கும் விதமும் அளவோடு சேர்ந்ததுதான். படுக்கவைத்து பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்தால், குழந்தை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பால் கொட்டிக்கொண்டே இருக்கும். விழுங்காமல் வேறு வழி இல்லை. 100 மில்லி ஐந்து நிமிடத்தில் காலியானதும் 'பாருங்க, எவ்வளவு பசி' என்போம். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நடுவில் இரண்டு மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டும். தலையைத் திருப்பினால், உதட்டை மூடினால், கை விரல்கள் தளர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். மிச்சம் 20 மில்லியை ஊட்டி முடிப்பது சாமர்த்தியம் ஆகாது. என்னைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம் என்பேன். பாலாடையோ விளிம்பு மழுங்கிய சின்ன டம்ளரோ கழுவவும் கொதிக்கவைக்கவும் எளிது. உங்கள் ஆயாக்களுக்கு பாலாடை பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்குக் கற்றுத்தருவார்கள். ஆனால் ஒரு ஆயா மூன்று குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் பாலாடைக்கு நேரம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். பாட்டில்தான் என்றால், மேலே சொன்ன மாதிரி.

பசியைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டாம். குழந்தை வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும், கையை வாயில் வைத்துச் சப்பும். அழுகை கடைசி அறிகுறி. அழ ஆரம்பித்த பிறகு அம்மா ஓடிவந்து மார்பில் வைத்தால் பல குழந்தைகள் பிடிக்கவே மாட்டார்கள். ஆகவே தேட ஆரம்பித்ததுமே அம்மாவுக்கு போன் போக வேண்டும். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வைக்கச் சொன்னதோடு, ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே வந்துபோக அனுமதிக்கச் சொன்னது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. 'எதுக்கு அடிக்கடி வர்றீங்க, உங்களைப் பார்த்தா புள்ள அழுவுது' என்று ஆயா சொல்லும் ஒரு வாக்கியம் இந்த உரிமையைச் சத்தமில்லாமல் பறித்துவிடும்.

மாலை நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு அம்மா வருவார். ஐந்து மணிக்குக் குழந்தை சிணுங்குகிறது. ஆயா நல்லெண்ணத்தோடு 100 மில்லி கொடுத்துத் தூங்கவைக்கிறார். அம்மா மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து வந்து நிற்கிறார். குழந்தை அசந்து தூங்குகிறது. தினமும் இப்படியே போனால் என்ன ஆகும்? மார்பில் பால் தேங்கத் தேங்க, உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் நிஜமாகவே பால் குறையும். பிறகு 'நான் அப்பவே சொன்னேன், பால் பத்தலைன்னு' என்ற பேச்சு வரும். அம்மா வரும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் முழு வேளைப் பால் வேண்டாம். தாங்காவிட்டால் 20, 30 மில்லி கொடுத்து, தூக்கி நடந்து, சமாளிக்கலாம். அம்மா வந்ததும் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுக் கிளம்ப ஒரு நாற்காலியும் மின்விசிறியும் ஒரு திரையும் இருந்தால் போதும்.

எடுத்துப்போக வருவது பல நாள் பாட்டியாக இருக்கும். 'குட்டி இன்னிக்கு ஏக்கமா இருந்துச்சுங்க, பால் காணலையாட்ட இருக்குது' என்று ஆயா போகிறபோக்கில் சொன்னால், அது வீட்டுக்குப் போய் இரவுக்குள் ஒரு டின் பாலாகத் திரும்பி வரும். ஆகவே வாயால் சொல்வதைக் குறைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எத்தனை முறை சிறுநீர், மலம். ஒரு முழு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. சில குழந்தைகள் பகலில் குறைவாகக் குடித்து, இரவு முழுக்க அம்மாவிடம் ஈடுகட்டுவார்கள். அது நோய் இல்லை. அம்மாவின் தூக்கம்தான் போகும்.

தாய்ப்பால் குழந்தையின் மலம் மஞ்சளாக, தளதளவென, கடுகு கடுகாக இருக்கும். நாளுக்கு ஐந்தாறு தடவையும் போகலாம், நான்கைந்து நாள் போகாமலும் இருக்கலாம். இதை வயிற்றுப்போக்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராகப் பீச்சினால், ரத்தம் கலந்தால், காய்ச்சல் இருந்தால், குழந்தை சோர்ந்து பால் மறுத்தால், சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், கிரைப் வாட்டர், தேன் எதுவும் வேண்டாம், சித்திரை வெயிலிலும்கூட. தாய்ப்பாலிலேயே 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தேன் ஒரு வயதுவரை கூடாது.

இனி ஃப்ரிட்ஜ். வெளிநாட்டுக் கையேடுகள் பாலை அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்கின்றன. அந்த அறை 25 டிகிரி அறை. நம் ஏப்ரல் மாதத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஐஸ் பேக் வைத்த பையில் வந்த பால், வந்த கையோடு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், கதவுத் தட்டில் வைக்காமல் உள்பக்கமாக. 4 டிகிரியில் 4 நாள் வரை தாங்கும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து இளக்கி, முழுவதும் இளகியபின் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். மைக்ரோவேவில் பால் ஒரு இடத்தில் கொதித்து இன்னொரு இடத்தில் சில்லென்று இருக்கும், நாக்கு வெந்துவிடும். வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதனால்தான் முதலில் 60 ஊற்றி, கேட்டால் 30 என்று கொடுக்க வேண்டும். கையுறை தேவையில்லை, சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். தாய்ப்பாலைத் தொடுவதில் ஆபத்து ஏதுமில்லை. முகம் சுளித்துக்கொண்டு தொடுவது அந்த அம்மாவுக்கு வலிக்கும்.

ஒரு குழந்தையின் பால் இன்னொரு குழந்தைக்குப் போய்விடாமல் பார்ப்பதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். பாட்டிலில் குழந்தையின் பெயர், இனிஷியல், பீய்ச்சிய தேதி, நேரம் எழுதி ஒட்டவேண்டும். படிக்கத் தடுமாறும் ஆயாவுக்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிற டேப். அதே நிறம் தொட்டிலிலும். கொடுக்கும் முன் இருவர் பார்க்க வேண்டும். மீறி மாறிவிட்டால் மறைக்கவே கூடாது. உடனே நிறுத்தி, இரு அம்மாக்களிடமும் சொல்லி, அன்றைக்கே குழந்தைகள் நல மருத்துவரிடம் பேச வேண்டும். பால் யாருடையதோ அந்தத் தாயின் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முடிவுகளை அவர் கேட்பார். ஒரு வேளைப் பாலால் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதற்கு 72 மணி நேரக் கெடு உண்டு. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பால் கொட்டியதற்கு ஆயாவை நிறுத்துவது தவறு என்று நிர்வாகத்திடம் வாதாட உங்களுக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பயிற்சிக்குக் குழந்தைகள் தூங்கும் மதிய நேரம், இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். புது ஆயா சேரும்போதெல்லாம் திரும்ப நடத்துங்கள். தமிழகத்தில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அங்குள்ள செவிலியர்கள் பீய்ச்சிய பாலைத் தினமும் கையாள்பவர்கள். ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். டின் பால் நிறுவனத்தின் பிரதிநிதி 'இலவசப் பயிற்சி' தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டின் பாலுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதேசமயம் டின் பால் குடிக்கும் குழந்தைகளும் உங்களிடம் இருப்பார்கள். அந்த அம்மாக்களிடம் காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது. டின்னில் எழுதியிருக்கிறபடி அளந்து கலக்க வேண்டும், தண்ணீர் கூட்டக் கூடாது, அவ்வளவே.

நிர்வாகத்திடம் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், உள்ளே வைக்க ஒரு தெர்மாமீட்டர், மின்வெட்டுக்கு இன்வர்ட்டர் இணைப்பு, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் அந்த ஃப்ரிட்ஜுக்குள் வரவேண்டாம். கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் குளிர் நிற்காது.