"கிராம வளர்ச்சித் திட்டம் ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிறேன். ஆசிய நாடுகளில் இதுவரை நடந்த திட்டங்களிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். என் பொறுப்பு படகுக் கணக்கு. எந்த ஊரில் யாருக்கு ஃபைபர் படகு கொடுத்தோம், இன்ஜின் வந்ததா, வலை வந்ததா என்று பதிவேட்டில் எழுதுவேன். மாதா மாதம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

ஒருநாள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, எல்லாருக்கும் படகு குடுத்துட்டீங்க. கூட வர்றதுக்கு ஆளை யாரு குடுப்பா?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு படகுக்கு நாலைந்து பேர் வேண்டும். பிடித்த மீனை விற்று, படகுக்கும் வலைக்கும் பங்கு போக, மீதியை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். சொந்தப் படகு இல்லாதவர் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பங்கில்தான். பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் நாங்கள் படகு கொடுத்ததால், எல்லோரும் உரிமையாளர் ஆனார்கள், கூடப் போக ஆள் இல்லை. தமிழகக் கடற்கரையில் பல ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் வந்து சேர்ந்தன. கூடையில் சுமந்து மீன் விற்ற பெண்களோ எங்கள் பதிவேட்டிலேயே இல்லை.

அப்புறம்தான் மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததிலும் பார்த்ததிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான்: ஒரு திட்டம் எதை எண்ணுகிறதோ, வேலை அந்தப் பக்கம்தான் நகரும்.

இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்று நான் நினைப்பது வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தை. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, 1980 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அவர்களுடைய பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் எடுக்கும் அளவு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். இந்தக் கரைசலைத் தாய்மார்களுக்குச் செய்து காட்டி, அவர்களையும் செய்ய வைத்தார்கள். 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள்! ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சில தாய்மார்களிடம் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா, கரைசலைச் சரியாகச் செய்ய வருகிறதா என்று பார்ப்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு தெரிந்ததோ, அதற்கேற்பத்தான் பணியாளருக்குக் கூலி.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. தாய்மார்களுக்கு எல்லாம் நினைவிருந்தது, ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். உடனே அவர்களை டாக்காவில் உள்ள ஆய்வு மையத்துக்கு அழைத்துப் போய், கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீட்டு ஆண்களை ஒதுக்கிவிட்டோம் என்பதும் தெரிந்தது. சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். இன்று இந்த வைத்தியத்தை உலகிலேயே மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் வங்கதேசமும் ஒன்று.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே சுபாக் என்ற பாசனக் கூட்டமைப்புகள், நீர்க்கோயில்களின் முறைப்படி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்யும். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே சமயத்தில் அறுவடையாகிச் சும்மா கிடக்கும்போது பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. போகத்தைக் கூட்ட வேண்டும், முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்றார்கள். அந்த முறை கலைந்ததும் தண்ணீர்ச் சண்டையும் பூச்சியும் பெருகின.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்று. குளத்து நீரால் பரவிய நோய்களுக்குப் பயந்து, வங்கதேசத்தில் அரசும் யுனிசெஃப்பும் 1970களில் குழாய்க்கிணறுகளைப் பரப்பின. கிருமி இல்லாத நீர் வந்தது. அந்த நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1993இல் அது தெரிந்தது. அதன் பாதிப்பு தோலில் தெரியவே பல வருடம் ஆகும் என்பதால், அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்திருந்தார்கள். பிறகு ஆபத்தான கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூச வேண்டியதாயிற்று.

சரி, உங்களுக்கு. சேர்ந்த முதல் வாரத்தில் மாத அறிக்கைப் படிவத்தை வாங்கிப் பாருங்கள். எத்தனை கொடுத்தோம் என்று மட்டும் கேட்டால், ஆறு மாதம் கழித்து யார் பயன்படுத்துகிறார்கள், யார் பயன்படுத்தவில்லை, ஏன் என்று கேட்கும் பகுதி ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் அந்த ஊருக்குத் திரும்பப் போய் மீன் விற்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினேன். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், சந்தைக்குப் போக ஒரு வண்டியும் ஐஸ் பெட்டியும் இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை. நான்கு மாதம் விடாமல் எழுதித்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது.