மோதிரத்தைச் சின்னவளே போடட்டும்

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று பிள்ளைகள் பெற்றவள். நடுவில் பிறந்த மகன் 3 வருஷத்துக்கு முன்னால், 14 வயதில், காய்ச்சலில் போய்விட்டான். வருகிற தையில் பெரியவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் போட வேண்டியவன் அவன். என் கணவரின் அண்ணன் மகனை வைத்துச் செய்துவிடலாம் என்கிறார்கள். 13 வயதுச் சின்னவளோ, "நான்தான் போடுவேன்" என்று நிற்கிறாள். ஹாலில் இருக்கும் அவன் படத்தைக் கல்யாணம் முடியும்வரை எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறார் நாத்தனார். நல்ல காரியத்தில் கண்ணீர் கூடாதாம். எம்.சி. ரோட்டுக்குப் புடவை எடுக்கப் போனாலே எனக்குக் கால் நடுங்குகிறது. பெண்களுக்குத் தெரியக்கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். அந்த நாளை எப்படித் தாண்டுவேன்?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை அந்தக் குழாய்க்கு மேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை. அது எதற்காக ஓடுகிறது என்று உங்கள் பெண்களுக்குத் தெரியும்.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். தம்பி போனபோது எனக்கு 11 வயது. எங்கள் அம்மா கிரைண்டரைப் போட்டுவிட்டு அழுவார். அரிசி ஊறப்போடாத நாளிலும் கிரைண்டர் ஓடும். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவன் பேரை எடுத்தால் அம்மா உடைந்துவிடுவார் என்று எனக்குப் பயம். என் படிப்பு கெட்டுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். 8 வருஷம் அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. அப்புறம் ஒரு பொங்கலுக்குக் கரும்பு வெட்டும்போது, "கணுப் பக்கம் கொடுத்தா மூஞ்சியத் தூக்கிப்பான் இல்லம்மா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவன் போன பிறகு நாங்கள் வாய் ருசித்துச் சாப்பிட்ட முதல் பொங்கல் அதுதான்.

அதனால் குழாயை மூடிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னைக்கு அவனுக்காக என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பெரியவளைத் தனியாகவும் கேளுங்கள். தம்பி இல்லாத வீட்டில் சந்தோஷப்பட்டால் தப்போ என்று கல்யாணப் பெண் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மோதிரத்தைச் சின்னவளே போடட்டும். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்பதை அந்தக் குழந்தையால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சம்பந்தி வீட்டில் உங்கள் கணவரை விட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துப் பேச்சு வரக்கூடாது. கணவரின் அண்ணன் மகன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கட்டும், அவன் மனமும் நோக வேண்டாம். ஆனால் அன்று காலையில் அவளே "என்னால முடியலம்மா" என்றால், சரி என்று விட்டுவிடுங்கள். அவள் உங்கள் சின்ன மகள். அண்ணனுக்குப் பதில் ஆளாக அவள் ஆகிவிடக்கூடாது.

படத்தை எடுக்க வேண்டாம். நம் பக்கத்தில் பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கிறார்கள். வீட்டில் போய்ச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு, சோறு போட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கல்யாண வேலையே. உங்கள் நாத்தனாருக்கு இது தெரியாமல் இருக்காது, மெல்ல ஞாபகப்படுத்துங்கள். உங்கள் வீட்டு முறை எதுவோ அதன்படி மகனுக்கும் ஒரு சட்டை வைத்துப் படையுங்கள்.

அந்தச் சட்டையை எடுக்க எம்.சி. ரோட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். கடைப்பையன் "எந்த சைஸ்க்கா?" என்று கேட்பான். 14 வயதுக்கா, 17 வயதுக்கா? அந்த ஒரு கேள்விக்குக் கடைவாசலில் உட்கார்ந்து அழத் தோன்றும். பெண்கள் சொல்லட்டும். "இப்ப இருந்தா அப்பாவைத் தாண்டியிருப்பான்" என்பாள் ஒருத்தி. "அவனுக்குக் கட்டம் போட்டது பிடிக்காது" என்பாள் இன்னொருத்தி. உங்களுக்குத் தெரியாத அவன் கதைகள் எத்தனையோ அவர்களிடம் இருக்கும். படைத்த சட்டையைப் பிறகு அந்த மாப்பிள்ளைத் தோழனுக்கே கொடுக்கலாம், மனசு வந்தால்.

முகூர்த்தத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். அடுத்த நிமிஷமே குற்றவுணர்ச்சி வரும். துக்கத்துக்குள் போவதும் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவதுமாக மனம் மாறி மாறி அலைவதே இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். சிரித்ததால் மகனை மறந்துவிட்டீர்கள் என்று ஆகாது. அழுகை வந்தால் மணப்பெண் அறைக்குப் போய் ஐந்து நிமிஷம் அழுதுவிட்டு வாருங்கள். கூட உங்கள் அக்காவோ தோழியோ வரட்டும், அன்று பெண்களை அதற்குக் கூப்பிட வேண்டாம். பந்தியில் யாராவது "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால், "மூணு" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்வது உங்கள் இஷ்டம்.

தூக்கம், சாப்பாடு கெட்டு நாள் ஓடவே மாட்டேன் என்றால், அல்லது சின்னவள் பேச்சைக் குறைத்து ஒதுங்கிப் போனால், 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கல்யாணக் களைப்பு தீர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகனுக்கு என்ன கலர் சட்டை எடுத்தீர்கள்?