வாத்துக்குப் பின்னால் நிலா

அன்புள்ள ஐயா,

பழம்பொருள் கடையில் ஜப்பானிய வாளின் சுபா ஒன்று வாங்கினேன். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் காப்புத் தகடு. ஒரு பக்கம் நாணல்மேல் பறக்கும் காட்டு வாத்துகள், மறுபக்கம் நிலா. வாத்து எதன் குறியீடு? தகடு கறுத்துக் கிடக்கிறது. தேய்த்து மினுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

தேய்க்காதீர்கள். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் ஷகுடோ: செம்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு தங்கம் சேர்த்த கலவை. முள்ளங்கிச் சாறு தடவி, ரொக்குஷோ என்ற செப்பு உப்புக் கரைசலில் கொதிக்க வைத்தால்தான் அந்த நீலக் கறுப்பு ஏறும். மிக மெல்லிய படலம் அது. புளியோ பாலிஷோ பட்டால் போய்விடும், அடியில் வெறும் செம்பு நிறம் தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடைப்பது போதும். வெள்ளி பதித்த நிலா மங்கியிருந்தாலும் அப்படியே விடுங்கள்.

காந்தம் ஒட்டினால் இரும்பு. அதில் செந்துரு மட்டும் கெடுதல். எலும்பு அல்லது மான்கொம்பின் முனையால் மெதுவாகச் சுரண்டி எடுப்பார்கள். உப்புத்தாள் கூடாது. பழைய இரும்பின் கருநிறமும் கூடவே போய்விடும்.

இனி வாத்து. அதைத் தனியாக எடுத்து அகராதிபோல் பொருள் தேடினால் கிடைக்காது. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து ஜப்பானுக்கு வலசை வரும் பறவை அது. நாணலும் முழுநிலாவும் சேரும்போது அந்தப் பருவத்தின் இரவே தகட்டில் வந்துவிடுகிறது. கறுப்புத்தான் வானம். ஷகுடோவைத் தேர்ந்ததிலேயே பாதி ஓவியம் முடிந்துவிட்டது என்பேன். மூங்கிலும் புலியும், சிங்கமும் பியோனிப் பூவும், மேப்பிள் மரமும் மானும் இப்படி இணையாகவே வரும். தட்டாம்பூச்சி தனியாக நிற்கும். பின்வாங்காமல் முன்னே பாய்வது என்று கருதி, வெற்றிப் பூச்சி என்றே சாமுராய்கள் அதை விரும்பினார்கள்.

பூக்களில் ஒரு குழப்பம் வரும். இதழ் நுனி வட்டமாக இருந்தால் பிளம், நுனியில் வெட்டு இருந்தால் செர்ரி. பிளம் குளிரிலேயே பூக்கும், பொறுமைக்கு உரியது. செர்ரி சீக்கிரம் உதிர்வது. மாற்றிப் படித்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

எந்தப் பக்கம் முகப்பு? வாள் நுழையும் நடுத்துளையின் ஒடுங்கிய முனை மேலே இருக்கும்படி பிடியுங்கள். பக்கத்துளைகள் இரண்டும் இருந்தால், அரைவட்டத் துளை இடப்புறம் வரும் பக்கமே முகப்பு, கைப்பிடியை நோக்கி நிற்பது. அங்கே வாத்து, பின்னால் நிலா என்றால் கைவினைஞர் நினைத்த வரிசை அதுவே.

நடுத்துளையின் ஓரத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அங்கே செம்புத் துண்டு செருகியிருந்தாலோ உளித் தட்டல் இருந்தாலோ அது வாளில் பொருத்திப் பயன்பட்டது. ஒன்றுமே இல்லாவிட்டால், 1876இல் வாள் அணியத் தடை வந்தபின் காட்சிக்காகச் செய்ததாகவும் இருக்கலாம். அவற்றிலும் வேலைப்பாடு மிக நேர்த்தியானவை உண்டு.