ஷாஸ்டா ஏரியில் வாடகைப் படகு எடுத்து டியூப் விளையாடப் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

காற்றடைத்த டியூபில் ஆளை உட்காரவைத்துப் படகின் பின்னால் கயிற்றால் இழுத்துப் போவதற்குக் கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஓட்டுபவர் முன்னால் பார்க்க, டியூபில் இருப்பவரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்; அவருக்குக் குறைந்தது 12 வயது. ஆள் தண்ணீரில் விழுந்ததும் கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். பொழுது சாய்ந்தபின் இழுக்கவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகுத்துறையிலேயே போட்டு, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அந்த அளவு வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது படகின் பின்பக்கப் பலகையை நினைத்துத்தான். பிள்ளைகளுக்கு அங்கே உட்கார்ந்து காலைத் தொங்கப்போட ஆசை. இன்ஜின் ஓடும்போது அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அங்கேதான் சூழும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயங்கிச் சரிந்தால் சத்தம்கூடக் கேட்காது. ஆளை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, இன்ஜினை அணைத்தே விடுங்கள்.

ஸ்டியரிங் அருகே சுருள் கயிறு ஒன்று தொங்கும். ஓட்டுபவர் அதைத் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும்; அவர் தவறி விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும்.

ஷாஸ்டா அணைக்கட்டு ஏரி. கோடை முடிவில் நீர் இறங்கும்போது பாறையும் மரக்கட்டைகளும் மேலே வரும். அன்றைக்கு எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று வாடகைக்காரரிடம் வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.